போலிக் குண்டு கற்பிக்கும் மெய்ப் பாடம்

போலி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வாழ்வுகள் உண்டு. கடைத்தெருவில் அஃது இகழ்ச்சிச் சொல். போலி நாணயம், போலி மருந்து, போலி வைத்தியர் என்று முகஞ் சுளித்தே நாம் அதனை உச்சரிக்கிறோம். இலக்கண ஆசிரியரின் வாயிலோ அது குற்றமற்ற சொல். நிலம் என்பது நிலன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும், மயல் என்பது மையல் என்றும் வரும்பொழுது ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து வந்து நிற்கிறது. ஆயினும் பொருள் மாறுவதில்லை, எவரும் ஏமாறுவதுமில்லை. வந்து நிற்கும் எழுத்து, தான் எதற்குப் பதிலாக நிற்கிறது என்பதை ஒளிப்பதில்லை.

இவ்விரு போலிகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை ஏட்டில் மட்டுமன்றி ஒரு கைத்தொழிலிலும் காணலாம். பீரங்கிக் குண்டுகளைப் பார்ப்போர் மெய்யென்றே எண்ணும் வண்ணம் மரத்திற் கடைந்து, தீந்தை பூசி, எழுத்துப் பொறித்துக் காட்சிக்கு வைப்பதே அத்தொழில். நூதனசாலைகளுக்காகவும், நாடக மேடைக்காகவும், திரைப்படத்துக்காகவும், பழைய பீரங்கிகளைப் பேணுவோருக்காகவும் இதனைச் செய்கின்றவர்கள் மேனாடுகளில் உளர்.

கொலைக் கருவியைப் போல ஒன்றைச் செய்வது கலையா, விளையாட்டா, வீண்வேலையா என்று ஒருவர் கேட்கலாம். கால் நூற்றாண்டுக்கு மேலாக எறிகணையின் ஓசையைக் கேட்டிருந்த நாட்டில் அக்கேள்வி கூர்மையாகவே எழும். கணை என்பது நம் பழந்தமிழ்ச் சொல். அதனோடு எறிதலைச் சேர்த்துப் பத்திரிகைகள் எறிகணை என்றன. வடக்கிலும் கிழக்கிலும் பாமர மக்கள் ‘செல்’ என்றே சொன்னார்கள். அவ்விரண்டெழுத்துச் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் பதுங்குகுழியை நினைக்கும் தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. ஆதலின் இக்கேள்விக்கு நாம் விடை தேடித்தான் ஆகவேண்டும்.

துறைமுகத்தின் காவல்

கொழும்பின் வடகோடியில், களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தையொட்டி மட்டக்குளி அமைந்திருக்கிறது. அதன் கரையோரத்திற் காக்கைதீவு, தெற்கே முகத்துவாரம், அதனையடுத்துக் கொட்டாஞ்சேனை, அப்பாலே துறைமுகம். மட்டக்குளியிலிருந்து நகரத்துக்கு வருவோர் முகத்துவாரத்தில் றொக் ஹவுஸ் என்னும் படைமுகாமை அறிவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துறைமுகத்தைக் காத்து நின்ற கரையோரப் பீரங்கித் தளங்களுள் ஒன்று அங்கேதான் இருந்தது.

இந்நாட்டுப் பீரங்கிப் படையின் வரலாறு அதனினும் பழையது. 1888ஆம் ஆண்டிலே தொண்டர் பீரங்கிப் படையாகத் தோன்றி, 1918இல் இலங்கைக் காவற் பீரங்கிப் படை என்று பெயர் மாறிய அணியைச் சேர்ந்தவர்களே இத்தகைய தளங்களிற் பணியாற்றினார்கள். அவர்களுட் சிலர் கடல் கடந்து கொக்கோஸ் தீவுகளுக்கும் அனுப்பப்பட்டனர். 1942ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே ஹோஸ்பர்க் என்னும் சிறு தீவில் இலங்கைப் பீரங்கி வீரர் சிலர் தம் மேலதிகாரிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அதன் தலைவரான கிறேஷன் பெர்னாண்டோ 1942 ஓகஸ்ட் 5ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிலே தூக்கிலிடப்பட்டார்; மேலும் இருவர் அதே முடிவை எய்தினர். அத்தீவிற் பொருத்தப்பட்ட ஆறங்குலப் பீரங்கிகள் வெகு காலத்தின் பின்னரும் அங்கேயே துருவேறிக் கிடந்தன.

கொழும்பு துறைமுகத்தின்மீது வானிலிருந்து குண்டு விழுந்த நாளும் அவ்வாண்டினதே. 1942 ஏப்ரில் 5, உயிர்த்த ஞாயிறு. யப்பானிய விமானங்கள் காலையிலே வந்தன. துறைமுகத்தில் நின்ற ஹெக்டர், டெனிடோஸ் என்னும் கப்பல்கள் அழிந்தன. எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, 2019 ஏப்ரில் 21இல், இதே பகுதியிலே கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தினுள்ளே குண்டு வெடித்தது. முதலாவது நாளை அறிந்தோர் இன்று மிகச் சிலர். இரண்டாவது நாளில் இழந்தவர்களை எண்ணி இன்னும் மெழுகுவர்த்தி ஏற்றுவோர் இப்பகுதியில் எத்தனையோ பேர்.

இவ்விரு நாள்களுக்கும் இடையே வளர்ந்த ஊரிலே, பாடசாலைப் பிள்ளைகளுக்கு முதலாவது நாளின் வரலாற்றைக் கற்பிக்க ஆசிரியர் ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடநூலில் உள்ள ‘ஆறங்குலப் பீரங்கி’ என்னும் தொடர் மாணவனுக்கு எதனையும் உணர்த்தாது. பீரங்கியின் நீளம் ஆறங்குலமோ என்று அவன் நினைத்துக்கொள்வதும் உண்டு. ஆறங்குலம் என்பது குழாயின் உள்விட்டம். அக்குழாயினுள்ளே சென்ற குண்டு ஒன்றின் நிறை நூறு இறாத்தல், அஃதாவது ஏறக்குறைய 45 கிலோகிராம். இக்காலச் சீமெந்துப் பை ஒன்றினும் சற்றே குறைவு. அதனைத்தான் மனிதர் கைகளிலே தூக்கி, மீண்டும் மீண்டும் பீரங்கியிற் செலுத்தினர். இதனை ஏடு சொல்வதிலும் மரக்குண்டு ஒன்று நன்றாகச் சொல்லும்.

கடைச்சலும் கணிதமும்

நல்ல மாதிரி ஒன்றைச் செய்வோன் முதலில் எடுப்பது உளியை அன்று, பென்சிலை. குண்டின் உடல் உருளை வடிவானது. தலை கூர்ந்து வளைந்தது. அவ்வளைவு கண்மதிப்பால் வந்ததன்று. வட்டத்தின் வில்லே அது. பழைய பிரித்தானியக் குண்டுகள் பலவற்றில் அவ்வில்லின் ஆரை குண்டின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. பின்வந்தவற்றில் அது நான்கு மடங்காகவும் அதற்கு மேலாகவும் நீண்டது. தலை கூரக் கூரக் காற்றின் தடை குறையும். குண்டு தொலைவு செல்லும். ஆறங்குலக் குண்டு ஒன்றுக்கு இரு மடங்குத் தலை வரைய வேண்டுமாயின் பன்னிரண்டு அங்குலத்துக்குக் கவராயத்தை விரித்தல் வேண்டும். கேத்திரகணித வகுப்பில் அலுத்துப்போன மாணவனும் இங்கே கவராயத்தை விருப்போடு எடுப்பான்.

வரைந்த வளைவைத் தடித்த அட்டையிலே வெட்டி வைத்துக்கொண்டால், மரத்தைக் கடையும்போது அதனை இடையிடையே வைத்து ஒப்பிடலாம். மரம் நன்கு உலர்ந்ததாக இருத்தல் வேண்டும்; ஈரமரம் பின்னர் வெடித்துக் கோடிடும். ஒரே தடித்த கட்டையிலும், பலகைகளைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிய கட்டையே கடைச்சலுக்கு நன்று. கடைச்சற்பொறியில் அது சுழலச் சுழல உளி தொட்ட இடமெல்லாம் உருண்டு வரும். இடுக்கிமானியால் அளந்தளந்து குறைத்தல் வேண்டும். குறைத்ததைக் கூட்ட முடியாது என்பது தச்சர்க்கெல்லாம் தெரிந்த நீதி.

இனி, குண்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே செப்புப் பட்டை ஒன்று உண்டு. காண்போர் பலர் அதனை அலங்காரம் என்று எண்ணுவர். உண்மையில் குண்டின் உயிர்நாடியே அதுதான். பீரங்கிக் குழாயின் உட்புறத்திலே திருகுசுழியாகத் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். மென்மையான செம்பு அத்தவாளிப்புகளுட் பிதுங்கிப் பொருந்த, குண்டு பம்பரம்போற் சுழன்றுகொண்டே வெளியேறும். சுழல்வதனால் அது தலைகுப்புற விழாது நேரே செல்லும். ஆதலின் எய்யப்படாத குண்டின் செப்புப் பட்டை வழுவழுப்பாக இருக்கும். எய்யப்பட்ட குண்டிலோ அப்பட்டையிற் சாய்ந்த வெட்டுத் தழும்புகள் வரிசையாகக் காணப்படும்.

மாதிரி செய்வோனின் அறிவு இவ்விடத்திலேதான் சோதிக்கப்படும். மூக்கிலே பித்தளைத் திரியமைப்புப் புத்தம் புதிதாக மின்ன, பட்டையிலே எய்த தழும்புகளோடு ஒரு குண்டைச் செய்துவைத்தால் அஃது அழகாக இருக்கலாம். ஆனால் ஒருபோதும் இருந்திராத பொருள் அது. பிறந்த குழந்தைக்கு நரை வரைந்தது போலாகும். எக்கணத்திலுள்ள குண்டைக் காட்டுகிறோம் என்பதை முன்னரே தீர்மானித்துக்கொண்டவனே சரியாகச் செய்வான். ஆயுதசாலையின் அடுக்கில் இருக்கும் குண்டா, வயலிலிருந்து உழவர் தோண்டி எடுத்த குண்டா என்பது தெளிவாக வேண்டும்.

நிறம் ஒரு மொழி

கடைச்சல் முடிந்தபின் மரத்தின் இழைத்துளைகளை அடைத்து, அரத்தாளினால் தேய்த்து, அடிப்பூச்சுப் பூசி, மீண்டும் தேய்த்தல் வேண்டும். மரத்தின் இழை எங்கேனும் ஒரு கோடு தெரிந்தாலும் இரும்பு என்னும் எண்ணம் கலைந்துவிடும். மூன்று நான்கு முறை இவ்வாறு செய்தபின்னரே நிறத்துக்குப் போகலாம்.

நிறமோ வெறும் அழகுக்காக அன்று. குண்டின் மீதுள்ள தீந்தை ஓர் எழுத்து. இருட்டிலும் புகையிலும் அவசரத்திலும் வேலை செய்யும் வீரன் தன் கையிலிருப்பது எது என்று ஒரு பார்வையில் அறிய வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு நாட்டுப் படையும் நிறக்குறிகளை வகுத்தது. முதலாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய வழக்கில், கடுவெடிமருந்து நிறைந்த குண்டு மஞ்சள்; ஈயச் சன்னங்களைச் சிதறடிக்கும் சிறாப்னல் குண்டு கறுப்பு. கழுத்திலே செந்நிறக் கோடு இருந்தால் மருந்து நிரப்பப்பட்டது என்பது பொருள். பச்சைக் கோடு இருந்தால் உள்ளே இருப்பது டி.என்.டி. வகையைச் சேர்ந்த மருந்து. அமெரிக்கரின் பிற்கால வழக்கிலோ உடல் மந்தமான ஒலிவ் பச்சை, எழுத்து மஞ்சள். பயிற்சிக்குரிய குண்டு நீலம். இம்மொழியைக் கற்றவனுக்குக் குண்டு பேசும். கல்லாதவனுக்கு அது வண்ணம் பூசிய உருளை.

மஞ்சள் நிறத்துக்கு ஒரு கதையும் உண்டு. கடுவெடிமருந்தாகப் பயன்பட்ட பிக்றிக் அமிலம் முதலிலே பட்டுத் துணிக்கு மஞ்சட் சாயமாகப் புகழ்பெற்றது. அதே பொருளை இங்கிலாந்தில் லிட் என்னும் ஊரிலே 1888ஆம் ஆண்டளவிற் குண்டுகளில் இட்டுச் சோதித்து, அவ்வூரின் பெயரால் லிடைற் என்று அழைத்தார்கள். பட்டை அழகு செய்த மஞ்சள் மனிதரைக் கொல்லும் மஞ்சளாயிற்று. முதலாம் உலகப் போரில் டி.என்.டி. நிரப்பும் தொழிற்சாலைகளிலே உழைத்த பெண்களின் தோலும் மஞ்சளாயிற்று. ‘கனேரிப் பெண்கள்’ என்று மஞ்சட் குருவியின் பெயரால் ஊரார் அவர்களை அழைத்தனர். அவர்களின் ஈரலைத் தின்ற நஞ்சின் நிறமே அது. மாதிரிக் குண்டுக்கு மஞ்சள் பூசும் மாணவனுக்கு இக்கதையை ஆசிரியர் சொல்லத் தவறலாகாது. சொன்னால், தூரிகை அவன் கையிற் சற்றே கனக்கும்; கனக்கவும் வேண்டும்.

கோடுகளை ஒட்டுநாடா ஒட்டி வரைதல் வேண்டும். எழுத்துகளைக் கையால் எழுதலாகாது. தடித்த தாளிலே எழுத்து வடிவத்தைத் துளைத்து அத்துளையின்மேல் தீந்தை தொற்றுதல் வேண்டும். அவ்வாறு தொற்றும்போது வட்ட எழுத்துகளின் நடுப்பகுதி விழுந்துவிடாதிருக்க இடையிடையே சிறு பாலங்கள் விடப்படும்; அதனால் எழுத்துகள் ஆங்காங்கே அறுந்தாற்போலத் தோன்றும். அவ்வறுந்த தோற்றமே தொழிற்சாலையின் கையொப்பம்.

கடைசியாக வருவது பழமையூட்டும் வேலை. இளைஞர்க்கு இதிலே ஆசை மிகும். துருவையும் கறையையும் அள்ளிப் பூசிவிடுவர். ஆயின் ஆயுதசாலையிலிருந்த குண்டுகள் துடைத்து எண்ணெயிட்டுப் பேணப்பட்டவை. கை படும் இடத்தில் சிறிது தேய்வு, நிலத்தில் வைக்கும் விளிம்பில் சிறிது உரிவு, பட்டையின் ஓரத்தில் ஒரு மங்கல், இவ்வளவே போதும். மிகைப்படுத்தாமை எழுத்துக்கலைக்கு மட்டும் உரிய நற்குணம் அன்று.

ஏமாற்றும் போலி

இத்துணைத் திறமையும் எதற்காகப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் நன்மையும் தீமையும் அமையும். போரிலே போலியைப் பயன்படுத்தி ஏமாற்றியவர்கள் பலர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், வேர்ஜீனியா மாநிலத்துச் சென்டர்வில் என்னும் இடத்திலே தென்பகுதிப் படையினர் மரக்குற்றிகளைச் செதுக்கிக் கறுப்புப் பூசிப் பீரங்கிகளைப்போல் அரண்களிலே நிறுத்தினர். 1862 மார்ச்சில் அவர்கள் விட்டுச்சென்ற பின்னரே எதிரிகள் அருகிற் சென்று உண்மையை அறிந்து நாணினர்.

நம் பகுதிக் கடலிலும் அத்தகைய கதை ஒன்று நிகழ்ந்தது. ஜேர்மன் போர்க்கப்பலான எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். 1914ஆம் ஆண்டு இந்து சமுத்திரத்துள் நுழைந்தபோது, பிரித்தானியக் கப்பல்போலத் தோன்றுவதற்காக அதன் மாலுமிகள் மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டினார்கள். 1914 செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு அக்கப்பல் சென்னைக்கு முன்னே வந்து நின்று ஏறக்குறைய 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பனியின் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்தன. துறைமுகத்திலே உயிர்களும் மாண்டன. அடுத்த சில நாள்களில் அது தெற்கே வந்து, கொழும்பின் தேடொளி விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே வாணிகக் கப்பல்களைப் பிடித்தது. ஒக்டோபர் 28இல் அந்தக் கித்தான் புகைபோக்கியோடு பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து ருஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. நவம்பர் 9இல், கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் தோற்றுக் கரைதட்டிற்று. ஆறு நாள்களின் பின்னர் சிட்னி கைதிகளோடும் காயமுற்றோரோடும் கொழும்புக்கு வந்தது. காயப்பட்டவர்களை எண்ணி, வெற்றி ஆரவாரம் செய்யவேண்டாம் என்று அதன் தலைவர் கேட்டுக்கொண்டார் என்பர். துறைமுகம் மௌனமாகவே அதனை வரவேற்றது.

எம்டன் என்னும் சொல் தமிழிலே தங்கிவிட்டது. ஆளை அசத்துகின்றவனையும் அச்சுறுத்துகின்றவனையும் ‘அவன் பெரிய எம்டன்’ என்று முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். அக்கப்பல் எறிந்த குண்டின் பகுதி ஒன்று சென்னைப் புனித ஜோர்ஜ் கோட்டை நூதனசாலையிலே காட்சிக்கு உள்ளது. நான்காவது புகைபோக்கியோ மறைந்துவிட்டது. இரும்புத் துண்டு வரலாற்றுக்குச் சாட்சி கூறுகிறது. கித்தான் புகைபோக்கி கதைக்கு மட்டுமே எஞ்சியது. முன்னது சிதைந்ததாயினும் மெய். பின்னது முழுமையாக இருந்தும் வஞ்சகம்.

வன்னிப் பிள்ளையின் முன்னே

மட்டக்குளிப் பாடசாலையிலே நன்மை செய்யக்கூடிய மரக்குண்டு, முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ தீமை செய்யவும் கூடும். இதனை ஆசிரியர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

2009 மேயிலே போர் முடிந்தது. ஆயினும் மண்ணினுள்ளே அது முடியவில்லை. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னர்த் தொடங்கிய மிதிவெடி அகற்றும் பணி, போரின் இறுதிக்கட்டத்தின் பின்னர் மேலும் விரிந்து நடைபெற்றது. போரினாற் குடும்பத்தின் ஆதரவை இழந்த பெண்கள் பலர், வெயிலில் முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி அப்பணியைச் செய்து வந்திருக்கின்றனர். மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரிலே சேர்ந்தது. அதன்படி 2028 ஜூன் மாதத்துக்குள் அகற்றும் பணி முடிவுற வேண்டும். மிதிவெடிகளோடு வெடியாத எறிகணைகளும் காட்டிலும் வயலிலும் கிணற்றிலும் கிடக்கின்றன. பழைய இரும்பு பொறுக்கி விற்றுப் பிழைப்போர் அவற்றைத் தட்டிப் பார்த்து உயிரிழந்த செய்திகள் நாம் அறியாதவை அல்ல.

அத்தகைய இடத்திலே பிள்ளைகளுக்கு அபாயக் கல்வி புகட்டுவோர் நெடுநாள் அனுபவத்தாற் கண்ட உண்மை ஒன்றுண்டு. உண்மையான வெடிபொருளை, மருந்து நீக்கியதாயினும், வகுப்பறைக்குக் கொண்டுவரலாகாது. மாதிரியையும் பிள்ளையின் கையிற் கொடுக்கலாகாது. ஏன்? வாய், ‘தொடாதே’ என்று சொல்லுகிறது. கை, தொட்டும் ஒன்றும் நிகழவில்லை என்று கற்றுக்கொள்கிறது. வாயின் பாடத்திலும் கையின் பாடம் ஆழமானது. நாளை வயலிலே அதே வடிவத்தைக் காணும்போது பிள்ளையின் கை முந்திக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. நிறம் ஒரு மொழி என்றோம். ஆனால் அம்மொழி ஆயுதசாலைக்குள்ளேதான் செல்லும். மண்ணும் மழையும் துருவும் அதனை அழித்துவிடும். பச்சைக் கோடு மறைந்துபோம், நீலம் கறுப்பாகும். ஆதலின் நிறத்தைப் பார்த்து ‘இது பயிற்சிக் குண்டு, ஆபத்தில்லை’ என்று தீர்மானிப்பது மடமை. நிலத்திற் கிடக்கும் எதற்கும் ஒரே பொருள்தான் உண்டு: தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களுக்கும் பொலிசாருக்கும் அறிவி. காலம் சென்றால் வெடி சாகும் என்பதும் பொய். முதலாம் உலகப் போரின் குண்டுகளைப் பெல்ஜிய உழவர்கள் இன்றும் கலப்பையோடு கிளறி எடுக்கிறார்கள். 2014 மார்ச்சிலே ஈப்பர் நகரில் அத்தகைய குண்டு ஒன்று வெடித்து இரு தொழிலாளர் மாண்டனர். குண்டு செய்யப்பட்டு அப்போது ஏறக்குறைய நூறு ஆண்டுகள்!

எனவே மரக்குண்டின் உண்மைத்தன்மை இடத்துக்கு ஏற்ப மாறுவது. துறைமுகப் பீரங்கியின் வரலாற்றைக் கற்கும் கொழும்பு மாணவனுக்குத் தொடுவதே கல்வி. போர் ஓய்ந்த நிலத்திலே வாழும் பிள்ளைக்குத் தொடாமையே கல்வி. அவனுக்குப் படம் போதும். ஒரே பொருள் ஓரிடத்தில் ஆசிரியன், மற்றோரிடத்தில் அபாயம்.

தன்னைச் சொல்லும் போலி

கொழும்பிலும் எல்லையற்ற சுதந்திரம் இல்லை. 2019இன் துயரைக் கண்ட கொட்டாஞ்சேனைத் தெருவிலே, மெய்போன்ற குண்டு ஒன்றைக் கையிலெடுத்து பஸ்ஸிலே ஏறுவதையோ, வாசலிலே அலங்காரமாக நிறுத்துவதையோ எவரும் வேடிக்கையென்று கொள்ளார். அச்சம் ஒருமுறை குடிபுகுந்த வீட்டிலே விளையாட்டுக்குக் கதவைத் தட்டலாகாது. மாதிரியைப் பெட்டியிலிட்டு, உறையிட்டு, கண்காட்சி அறைக்குக் கொண்டு சென்று, முடிந்ததும் பூட்டி வைத்தல் வேண்டும்.

செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கங்கள் மூன்று. முதலாவது, உண்மையான குண்டின் எந்தப் பகுதியையும், வெற்று என்று எவர் சொன்னாலும், எடுத்துப் பயன்படுத்தலாகாது. மரம், கடதாசிக் கூழ், பாரிசுச் சாந்து ஆகியவையே போதும். இரண்டாவது, மாதிரியின் அடிப்பாகத்திலே குறுக்கே ஒரு துவாரம் இட்டு, மரத்தின் இயற்கை நிறம் தெரியுமாறு ஒரு பகுதியைத் தீந்தை பூசாது விடுதல் வேண்டும். எவ்வளவு மெய்போல் அமைந்தாலும், திருப்பிப் பார்த்த மாத்திரத்தில் அது தன் பிறப்பைக் கூற வேண்டும். மூன்றாவது, அதன் அருகே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று இருத்தல் வேண்டும்.

அவ்வட்டையிலே எழுதப்படுவதுதான் இக்கலையின் முடிசூட்டு. ‘ஆறங்குலக் குண்டு, நிறை நூறு இறாத்தல்’ என்று மட்டும் எழுதினால் நாம் இரும்பையே புகழ்ந்தவர்களாவோம். அதனைத் தூக்கிய கைகளைப்பற்றி ஒரு வரி. கொக்கோஸ் தீவிலே கிளர்ந்தெழுந்து வெலிக்கடையிலே தூக்குமரம் ஏறிய இலங்கையரைப்பற்றி ஒரு வரி. மருந்து நிரப்பி மஞ்சளான பெண்களைப்பற்றி ஒரு வரி. அக்குண்டு விழும் இடத்திலே நின்றவர்களைப்பற்றி ஒரு வரி. இந்நான்கு வரிகளும் இல்லாத கண்காட்சி படைக்கலக் கடையின் முன்வாசலாகிவிடும். திருகோணமலையில் ஹூட்ஸ் கோபுரக் கடற்படை நூதனசாலையிலே கரையோரப் பீரங்கிகள் கடலை நோக்கி நிற்கக் காண்கிறோம். அவற்றின் கம்பீரம் கண்ணைக் கவர்கிறது. கண்ணைக் கவர்ந்ததன் பின்னர் நெஞ்சையும் தொடவேண்டியது ஆசிரியரின் பொறுப்பு.

தொடக்கத்திலே எழுந்த கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். மரக்குண்டைக் கடைந்து தீந்தை பூசுவது, ஏமாற்றுவதற்காயின் வஞ்சகம். ஏன் என்று தெரியாமற் செய்வதாயின் வீண்வேலை. வடிவத்தையும், நிறத்தின் பொருளையும், அவற்றின் பின்னேயுள்ள மனிதரையும் உள்ளபடி அறிந்து, ‘நான் குண்டு அல்லேன், குண்டைப்பற்றிச் சொல்ல வந்தேன்’ என்று தானே கூறும்படி செய்வதாயின் அது கல்வி. நிலம் நிலனாக வந்து நின்றும் தன் பொருளை மறைக்காதிருப்பது போன்ற போலி அது.

அடுத்த வரலாற்றுக் கண்காட்சிக்கு ஆயத்தம் செய்யும் ஆசிரியர்கள், மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ளவர்கள், இதனைச் செய்து பார்க்கலாம். கணித ஆசிரியர் வளைவை வரையட்டும். கைப்பணி ஆசிரியர் கடைச்சலைக் கற்பிக்கட்டும். சித்திர ஆசிரியர் நிறத்தைக் கலக்கட்டும். வரலாற்று ஆசிரியர் 1942இன் கதையைச் சொல்லட்டும். தமிழாசிரியர் அந்த அட்டையின் நான்கு வரிகளை மாணவரைக்கொண்டு எழுதுவிக்கட்டும். குண்டைச் செய்யும் வேலையிலும் அந்நான்கு வரிகளைப் பிழையின்றி எழுதும் வேலையே அரிது. அதற்கு அதிக நாள்கள் ஒதுக்குதல் நன்று.